ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லாமல்

எனக்கு வந்த இதய நோய்க்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. "பம்பிங் கம்மியா இருக்கு" என்பதோடு சரி. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போன பிறகும் மூச்சு பழையபடி திரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மாடியேறிப் போய், பாடம் தொடங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. பிள்ளைகள் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டிய பம்பிங் இருபத்தைந்து சதவீதம் என்று வந்தது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. இரும்புலியூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். அங்கே இருந்த இதய டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இதயத்தை வரைந்து காட்டினார். "தசை சோர்ந்துபோயிருக்கு. மெதுவா திரும்பி வரும். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க டீச்சர்" என்றார். ஐந்து மாத்திரைகள். துடிப்பைக் குறைக்க ஒன்று, பிரஷரை இறக்க ஒன்று, நீர் பிரிய ஒன்று, இன்னும் இரண்டு. நான் அவரை நம்பினேன். என் கணவர் என்னைவிட அதிகமாக நம்பினார்.

அவர் அதிகம் பேசாத மனிதர். கிண்டியில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பீர்க்கன்கரணையில் இருக்கும் எங்கள் வீட்டில் அவர் இருக்கிறாரா இல்லையா என்பது சில சமயம் எனக்கே தெரியாது. மருத்துவமனையிலிருந்து நான் திரும்பிய வாரம் ஏழு அறைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாரம் முழுவதுக்குமான மாத்திரைகளை அதில் பிரித்து வைப்பார். ஒவ்வொரு அறையையும் இரண்டு முறை எண்ணுவார். கல்லூரி ஹாஸ்டலிலிருந்து வரும் எங்கள் மகள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் சிரிக்க மாட்டார்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. பிறகு டாக்டர் போய்விட்டார்.

ஆறு மாதப் பரிசோதனைக்கு நேரம் கேட்க போன் செய்தபோதுதான் தெரிந்தது. "டாக்டர் ரிசைன் பண்ணிட்டாருங்க மேடம்."

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு?"

"அந்த டீட்டெய்ல் எங்ககிட்ட இல்லீங்க. வேற டாக்டர் வியாழக்கிழமை ஈவினிங் விசிட்டிங் வர்றாரு. நேர்ல வந்து டோக்கன் போட்டுக்கோங்க."

முதல் வியாழக்கிழமை என் டோக்கன் பத்தொன்பது. பதினான்காவது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அவசர அழைப்பு வந்து போய்விட்டார். அடுத்த வியாழக்கிழமை கதவில் "இன்று டாக்டர் வர மாட்டார்" என்று எழுதி ஒட்டியிருந்தது. மூன்றாவது வியாழக்கிழமை நான் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டினாலே மருந்துக் கடையில் மாத்திரை கிடைத்தது. கிடைக்கும்வரை போட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் தலைசுற்றல் ஆரம்பித்தது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். கரும்பலகையின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் சுவர் சாயும். பிரஷரின் மேல் அளவே தொண்ணூறு, சில நாள் எண்பத்தெட்டு. அதைவிட மோசமாக மூளை மந்தமானது. இருபது வருடமாகச் சொல்லித்தருகிற ஒரு தேற்றத்தின் நடுவில் அடுத்த படி என்ன என்று தெரியாமல் நின்றேன். முன் பெஞ்சில் ஒரு பெண் மெதுவாக எடுத்துச் சொன்னாள். அன்று சாயங்காலம் தலைமையாசிரியை என்னை அறைக்குள் கூப்பிட்டு, "உடம்புக்கு முடியலைன்னா ஒரு வருஷம் ரெஸ்ட் எடுங்களேன் டீச்சர். பத்தாம் வகுப்பை வேற யாருக்காவது குடுத்துடலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அந்தத் தேற்றத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

நவம்பரில் பெருங்களத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நாங்களே போய் எக்கோ எடுத்தோம். ஐம்பத்தாறு. இதயம் இயல்பாக இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. என் கணவர் அந்தத் தாளை ஸ்கேன் சென்டர் வாசலிலேயே நின்று மூன்று தடவை படித்தார். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

தாளை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனையில் இருக்கும் குடும்ப டாக்டரிடம் போனேன். வயதானவர், என் மகளுக்குத் தடுப்பூசி போட்டவர். "நார்மல்னு வந்துடுச்சே. பிரஷர் வேற இப்படி இறங்குது. ரெண்டு மூணு மாத்திரையை நிறுத்தலாம்னுதான் எனக்குத் தோணுது" என்றார். என் முகம் மலர்ந்ததைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. உடனே கையை உயர்த்தினார். "ஆனா நானா நிறுத்தச் சொல்ல மாட்டேம்மா. ஹார்ட் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. குரோம்பேட்டை, தாம்பரம், மேடவாக்கம் என்று எந்தெந்த மருத்துவமனைக்கோ போன் செய்தேன். எங்கள் பேஷன்ட் இல்லையே என்றார்கள் ஒரு இடத்தில். எல்லா டெஸ்டும் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள் இன்னொரு இடத்தில். ஐந்து வாரம் கழித்துத்தான் நேரம் என்றார்கள் மற்றொன்றில். அந்த நாளில் எனக்கு அரையாண்டுத் தேர்வு வேலை. மருந்துக் கடை அண்ணனைக்கூடக் கேட்டேன். "சில பேரு ஆயுசு பூரா போடுறாங்க டீச்சர். சில பேரு விட்டுட்டு நல்லாத்தான் நடமாடுறாங்க. நான் என்னான்னு சொல்றது?" என்றார். போனில் தேடினால் ஒரு பக்கம் நிறுத்தாதே என்றது, அடுத்த பக்கம் இயல்பான பிறகு மருந்து எதற்கு என்று ஒருவர் தன் கதையை எழுதியிருந்தார். இரண்டையும் மாறி மாறிப் படிப்பேன். நெஞ்சு படபடக்கும். அது நோயா, பயமா, மாத்திரையா என்று தெரியாது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நிறுத்தினேன். முதலில் பிரஷர் மாத்திரையை மட்டும். நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் இருந்ததே எனக்கு ஒரு அனுமதிபோல் பட்டது. புத்தாண்டுக்குள் ஐந்தையும் விட்டுவிட்டேன்.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒன்றும் பேச மாட்டார், ஆனால் தூங்க மாட்டார். அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் அந்த நாளின் அறையைத் திறந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவர் காலி டப்பாவை எடுத்து மறுபடியும் நிரப்புவார். அவர் எண்ணுவதைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய்விடுவேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து வாரங்கள் போல நான் சுகமாக இருந்து வருடக்கணக்காகிறது. தலைசுற்றல் போயிற்று. தேற்றங்கள் திரும்பி வந்தன. ஏரிக்கரையில் சாயங்காலம் வேகமாக நடந்தேன். "என்ன டீச்சர், வயசு குறைஞ்சிட்டே போகுது" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்க்க முடிந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் அஸ்தினாபுரத்தில் எங்கள் சபைப் பெண்களின் வீட்டு ஜெபக்கூட்டம் நடந்தது. அதை நடத்தும் அக்கா நல்ல மனுஷி. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவர். அன்று ஜெபம் முடிந்ததும் அவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "நம்ம டீச்சருக்கு எக்கோ நார்மல்னு வந்திருக்கு. எழுந்து, கர்த்தர் செஞ்சதை ரெண்டு வார்த்தை சாட்சியா சொல்லுங்க சிஸ்டர்."

எழுந்தேன். இருபது பெண்கள், அவர்களைக் கூட்டிவந்த சில ஆண்கள். எல்லோரும் எனக்காக ஜெபித்தவர்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உடைந்தது. நன்றி என்று ஆரம்பித்தேன். இருபத்தைந்து ஐம்பத்தாறு ஆனதைச் சொன்னேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "இப்போ ஒரு மாசத்துக்கு மேல நான் ஒரு மாத்திரைகூடப் போடல. நல்லா இருக்கேன்" என்றேன்.

"அல்லேலூயா" என்றார் அக்கா. எல்லோரும் சொன்னார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் கூடுதல் நாற்காலிகளை மடித்து வைப்பதற்காக வாசலில் வந்து நின்றிருந்தார். கையில் ஒரு நாற்காலி இருந்தது. அதை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினோம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நான் ஏதாவது சொல்ல வாயெடுப்பேன், பச்சை விழுந்துவிடும். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் எதை எண்ணிட்டிருந்தேன்?"

"ஏங்க, நான் சொல்லணும்னுதான்..."

"இருபது பேருகிட்ட சொல்லிட்டே. எங்கிட்ட சொல்லல."

அவர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே என்னைக் குடும்ப டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன் என்று கேட்டதும் அந்த வயதானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அஞ்சையுமா? நான் ரெண்டு மூணுன்னுதானேம்மா சொன்னேன், அதுவும் கேட்டுட்டுன்னு!"

"இப்போ திரும்ப ஆரம்பிச்சிடலாமா சார்?" என்றார் என் கணவர்.

"ஒரேயடியா பழைய டோஸை ஆரம்பிச்சா பிரஷர் இறங்கி விழுந்துடுவாங்க. எதை முதல்ல, எவ்வளவு, அதை ஹார்ட் டாக்டர்தான் சொல்லணும். நான் கைவைக்கப் பயப்படுறேன்."

இப்போது நிறுத்தவும் தெரியவில்லை, ஆரம்பிக்கவும் தெரியவில்லை. மூன்று வாரம் தள்ளி ஒரு மருத்துவமனையில் நேரம் கிடைத்தது. அதற்குள் ஒருநாள் காலை, என் கணவரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், மூன்று மாத்திரைகளை ஒன்றாக விழுங்கிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் கண் இருட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அதைக் கேட்ட பிறகு அவரும் வற்புறுத்தவில்லை. தினமும் காலையில் டப்பா மேசையில் இருக்கும். இரண்டு பேரும் அதைப் பார்ப்போம். யாரும் தொட மாட்டோம். டாக்டரைப் பார்க்கும் நாளை எண்ணிக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல நடந்தோம்.

அந்த நாள் வந்தது. காலையில் போன் வந்தது. "டாக்டர் கான்ஃபரன்ஸ் போயிட்டாருங்க. அடுத்த செவ்வாய் குடுக்கட்டுமா?"

என் கணவர் போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு இருமல் வந்தது. அந்த இருமல் நான்கு நாளாக இருந்தது. பனி என்று நினைத்தேன். செருப்பு வார் வீங்கிய காலில் பள்ளம் பதிக்க ஆரம்பித்திருந்ததும் அந்த வாரம்தான். மதியம் படுத்தால் ஒரு தலையணை போதவில்லை. இதெல்லாம் மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு நடந்தவைதான். ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிந்தது. தெரிந்தும், செவ்வாய் வரைக்கும்தானே என்று இருந்தேன்.

திங்கட்கிழமை மேற்குத் தாம்பரத்தில் வேறொரு பள்ளியில் எனக்குத் தேர்வு மேற்பார்வை வேலை. ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஏறினேன். எட்டுப் படி. நின்றேன். இன்னும் ஐந்து படி. அதற்குமேல் காற்றே இல்லை. வாயைத் திறந்து திறந்து இழுத்தேன், உள்ளே எதுவும் போகவில்லை. என்னைத் தாண்டி ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தேன். பூக்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு என் போனை வாங்கி, "யாருக்கும்மா போடணும்?" என்றாள். கணவருடைய பெயரைத் திரையில் காட்டினேன். அவளும் ஒரு போலீஸ்காரரும் சேர்ந்து என்னைக் கீழே இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள், கூடையைப் போலீஸ்காரர் காலடியில் விட்டுவிட்டு.

"இன்னாம்மா ஆச்சு? ஆஸ்த்மாவா?" என்றார் ஆட்டோக்காரர்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். "சும்மா பேசினு இருக்காத, ஓட்டு" என்று அவள் அதட்டினாள்.

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனை. ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டார்கள். மூன்று மாதமாக நான் தேடிய இதய டாக்டர் அரை மணி நேரத்தில் என் கட்டிலருகே நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். இப்படி விழுந்தால்தான் பார்க்கக் கிடைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அழுகை வந்தது, அழ மூச்சு இல்லை.

"மாத்திரை எப்போ நிறுத்தினீங்க?"

"டிசம்பர்ல."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. கேக்க யாரும் கிடைக்கல."

அவர் திட்டவில்லை. கொஞ்சம் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எக்கோ எடுத்தார். முப்பது. என் கணவரை உள்ளே அழைத்து இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார். "ஐம்பத்தாறு வந்தது மாத்திரையோட சேர்ந்து வந்த ஐம்பத்தாறு. மாத்திரையை நிறுத்திட்டா சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்குத் திரும்பி வரும். யாருக்கு எதுன்னு முன்னாடியே சொல்ல எங்களுக்கும் தெரியாது. குறைக்கறதா இருந்தா நாங்க கூடவே இருந்து, எக்கோ பாத்துப் பாத்து, ஒவ்வொண்ணாதான் குறைக்கணும்."

"தலைசுத்தல் தாங்க முடியல டாக்டர்."

"அதுக்கு ஒரு மாத்திரையைப் பாதியாக்கி, இன்னொண்ணை சாயங்காலத்துக்கு மாத்தியிருந்தாலே போதுமே."

அவ்வளவுதான். பாதி மாத்திரை, சாயங்காலம். அதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் பதினொரு மணி இருக்கும். போன் அடித்தது. கூட்டத்தில் முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த ஆன்ட்டி. அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது, அஸ்தினாபுரத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு ஹலோ என்றேன்.

"உனக்கு ஒரு சந்தோஷ செய்தி சொல்லணும்மா. உன் சாட்சியைக் கேட்டதுல இருந்து என் மனசு கெடந்து அடிச்சிக்கிட்டே இருந்தது. எனக்கு மட்டும் ஏன் விசுவாசம் இல்லன்னு. பத்து நாள் ஆச்சு, நானும் நிறுத்திட்டேன். ஒண்ணுமே இல்ல பாரு!"

அவருக்குப் போன கோடையில்தான் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

"ஆன்ட்டி, வேணாம் ஆன்ட்டி" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மூச்சிரைப்பை அவர் அழுகை என்று நினைத்துக்கொண்டார். "சந்தோஷக் கண்ணீர்மா, அழு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

நர்ஸ் ஓடிவந்து முகமூடியை மாட்டினார். நான் அதைப் பிடுங்கிவிட்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறியது. "ஸ்டென்ட் வெச்சு ஒரு வருஷம்கூட ஆகலையா? ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை அது. இன்னைக்கே அவங்க டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. நாளைக்குன்னு இல்ல, இப்பவே."

என் கணவர் எழுந்தார். இரண்டு நாளாக மாற்றாத சட்டை. போனை எடுத்து, "கொஞ்சம் இப்படிப் பாரு" என்று சொல்லி, ஆக்ஸிஜனோடு கிடந்த என்னைப் படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. போய்விட்டார்.

நாலு மணி நேரம். நோயில் நான் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவர் தனியாக வந்து நிற்பதாக நினைத்தேன். அந்த ஆன்ட்டி தரையில் கிடப்பதாக, கிரில் கதவு உள்ளே பூட்டியிருப்பதாக. என் வாயால் வந்த இரண்டு வாக்கியம். ஜெபிக்கலாம் என்று பார்த்தேன். எந்த வாயால் கேட்பது என்று இருந்தது. போனில் என் கணவரின் பெயரைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மூன்றரைக்கு வந்தார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இருக்காங்க" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். ஆன்ட்டி முதலில் கிரில்லைத் திறக்கவில்லையாம். "உன் பொண்டாட்டிக்கு இருக்கற விசுவாசம் உனக்கு இல்லையே தம்பி" என்று உள்ளிருந்தே சொன்னாராம். இவர் போனைக் கம்பி வழியாக நீட்டியிருக்கிறார். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எப்போ எடுத்தது?" என்றாராம். "இன்னைக்கு." கதவு திறந்தது. இவரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, மாத்திரையை அவர் விழுங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை.

"தப்பிச்சது அவங்க அதிர்ஷ்டம்னாரு அங்க இருந்த டாக்டர்" என்று சொல்லும்போது என் கணவரின் குரல் உடைந்தது. கல்யாணமான இருபத்து நான்கு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். ஊசி குத்தியிருந்த கையால் அவர் தலையைத் தொட்டேன்.

ஆன்ட்டி அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. கோயிலில் எதிரெதிரே வந்தால் பைபிளுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். மாத்திரை போடுகிறார் என்று மற்றவர்கள் சொல்லித் தெரியும்.

எனக்கு இப்போது பம்பிங் நாற்பத்திரண்டு. பழைய ஐம்பத்தாறு வருமா என்று டாக்டரைக் கேட்டேன். தெரியாது என்றார். பத்தாம் வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தருகிறேன், தரைத்தளத்தில், பாதி நேரம் உட்கார்ந்தபடி.

ஜூனில் ஓரளவு நடமாட ஆரம்பித்ததும் ஜெபக்கூட்டம் நடத்தும் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்றேன். எதைப் பற்றி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காபி டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா சிஸ்டர்? விசுவாசத்துல பலவீனமானவங்க இடறிப்போயிடுவாங்களே."

"அக்கா, நான் முதல்ல சொன்னதும் எல்லார் முன்னாடிதானே."

அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "உட்கார்ந்தே பேசுங்க. நிக்க வேணாம்" என்றார்.

உட்கார்ந்தேதான் பேசினேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தினேன், கணவரிடம் மறைத்தேன், தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல உங்களிடம் சொன்னேன், அது தப்பு. ஆன்ட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவர் அன்று வரவும் இல்லை. முடித்தபோது ஒரு அல்லேலூயாகூட வரவில்லை. அக்கா ஒரு பாட்டை ஆரம்பித்தார். மற்றவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார்கள். என்னை வெறுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கூட்டம் முடிந்து சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் மூன்றாவது வீட்டிலிருந்து கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

"டீச்சர், இதை நான் நாலு வருஷமா போடுறேன். எழுதிக்குடுத்த டாக்டர் செத்துப்போயிட்டார். இன்னும் போடணுமா?"

அவர் போவதற்குள் இன்னொருத்தி வந்தாள். மாமனாருக்கு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் கொடுக்கிறாளாம், சரியா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால், கதவருகே, முறைக்குக் காத்திருப்பதுபோல இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன மருந்துச் சீட்டு இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "நிஜமாவே எனக்குத் தெரியாது."

அவர்கள் போகவில்லை. நான் டம்ளரை வைத்துவிட்டு, என்னைப் பார்க்கும் டாக்டரின் கிளினிக் எண்ணை அந்தச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். "போனதும் கிடைக்காது. மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, நீங்களா எதையும் கூட்டாதீங்க" என்றேன். மற்ற மூவரும் எழுதிக்கொள்ளப் பேனா கேட்டார்கள்.